கனடாவில் முதிய குடிவரவாளருக்கு உரிய ஓய்வூதியமும் மொழி உதவியும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வயதான அம்மா ஒருவருக்குப் படிவம் நிரப்ப உதவச் சென்றிருந்தபோது, அவர் சாமிப் படத்தின் பின்னாலிருந்து ரப்பர் வளையம் போட்ட கடிதக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் முகவரி தெரியும்படி சிறு சாளரம் வைத்த மண்ணிற அரசாங்க உறைகள். பாதிக்கு மேல் பிரிக்கப்படவே இல்லை. பிரித்தாலும் வாசிக்கத் தெரியாது, மகனோ இரவு வேலை முடித்துக் களைத்து வருகிறான், அவனை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தக் கட்டுக்குள் ஓய்வூதியத்தோடு சேர்த்து அவருக்கு மாதந்தோறும் வந்த வருமான மேலதிகக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டதைத் தெரிவிக்கும் கடிதமும் இருந்தது. ஓய்வூதியச் சட்டம் எந்த முதியவரிடமும் ஆங்கிலம் கேட்பதில்லை. ஆனால் படிவமும் கடிதமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் வருகின்றன. சட்டம் தந்ததைப் பலர் இந்த இடைவெளியில்தான் இழக்கிறார்கள் என்பதால், ஓய்வூதிய விதிகளையும் மொழி உதவியையும் இங்கே சேர்த்தே விளக்குகிறேன்.

நம்மவர்கள் சுருக்கமாக ‘பென்ஷன்’ என்று சொல்லும் ஓ.ஏ.எஸ். எனும் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு, கனடாவில் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 65 வயது நிறைந்திருக்க வேண்டும். கனடியக் குடிமகனாகவோ சட்டபூர்வமாக வசிப்பவராகவோ இருக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வசித்திருக்க வேண்டும். முழுத்தொகை பெற 40 ஆண்டு வதிவு தேவை. அதற்குக் குறைந்தவர்களுக்கு, வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நாற்பதில் ஒரு பங்கு என்ற கணக்கில் பகுதி ஓய்வூதியம் கிடைக்கும். 58 வயதில் வந்து 68 வயதில் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு முழுத்தொகையின் காற்பங்கு கிடைக்கும். ஒருமுறை அனுமதிக்கப்பட்ட பகுதி ஓய்வூதியத்தின் பங்கு, அதன் பின்னர் எத்தனை ஆண்டுகள் வசித்தாலும் உயராது. பிந்தி விண்ணப்பித்தால் பழைய நிலுவை அதிகபட்சம் 11 மாதங்களுக்கே தரப்படும் என்பதால், பத்து ஆண்டுகள் நிறைவதற்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பத்தை ஆயத்தம் செய்வது நல்லது. வதிவுக் காலத்தை நிரூபிக்கப் பழைய கடவுச்சீட்டுகள் தேவைப்படலாம். காலாவதியாகிவிட்டதென்று அவற்றை வீசிவிட வேண்டாம்.

பத்து ஆண்டு நிறையாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கனடாவும் இந்தியாவும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் சட்டப்படியான ஓய்வூதியத் திட்டம் ஒன்றில் பங்களித்த காலத்தை, இந்தப் பத்தாண்டுத் தகுதியை எட்டுவதற்கு அதன்வழி சேர்த்துக்கொள்ள இயலும். தொகை மட்டும் கனடாவில் வசித்த ஆண்டுகளுக்கே கணக்கிடப்படும். இலங்கையுடன் அவ்வாறான ஒப்பந்தம் இல்லை.

காற்பங்கு ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு எவரும் வாழ முடியாது. அதை ஈடுசெய்வதற்கே ஜி.ஐ.எஸ். எனப்படும் உத்தரவாத வருமான மேலதிகக் கொடுப்பனவு இருக்கிறது. வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கு இது மாதந்தோறும் சேர்த்து வழங்கப்படுகிறது. இதற்கு வருமான வரி கிடையாது. கனடாவில் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வசித்தவருக்கு ஓய்வூதியம் பகுதியாக இருந்தால், அந்தக் குறையை நிரப்பும் விதத்தில் இந்தக் கொடுப்பனவின் உச்ச அளவு உயர்த்தப்படுகிறது. ஆகவே கையில் வேறு வருமானம் இல்லாத முதியவருக்கு ஓய்வூதியத்தைவிட இதுவே பெரிய தொகையாக அமையக்கூடும். ஓய்வூதியத்தை 70 வயது வரை தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 0.6 விழுக்காடு கூடும் என்பது உண்மையே, ஆனாலும் தள்ளிப்போடும் காலத்தில் ஜி.ஐ.எஸ். கிடைக்காது. வருமானமற்ற முதியவருக்கு அந்த யோசனையை யாரேனும் சொன்னால், இதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

நான் அடிக்கடி காணும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. ‘மகனுக்கு நல்ல சம்பளம், ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்களுக்குத் தரமாட்டார்கள்’ என்று பெற்றோர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஜி.ஐ.எஸ். கணக்கில் விண்ணப்பதாரரின் வருமானமும் அவருடைய வாழ்க்கைத்துணையின் வருமானமும் மட்டுமே சேரும்; பிள்ளைகளின் வருமானம் சேராது. ஊரிலிருந்து வரும் ஓய்வூதியமும் வாடகையும் சேரும், அவற்றை மறைக்காமல் காட்ட வேண்டும்.

ஆண்டுதோறும் இந்தக் கொடுப்பனவைத் தொடரவைப்பது வருமான வரிக் கணக்குத்தான். ஒரு சதம் வருமானம் இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30ஆம் திகதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்; அதைப் பார்த்தே ஜூலையில் கொடுப்பனவு புதுப்பிக்கப்படுகிறது. நான் மேலே சொன்ன அம்மாவுக்கு நேர்ந்தது இதுவே. கணவர் இருந்தவரை அவரே வரிக் கணக்கைக் கவனித்துக்கொண்டார். அவர் போன பிறகு ‘எனக்கென்ன வருமானம்’ என்று இவர் விட்டுவிட்டார். வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் முகாம்கள் கூட்டாட்சி அரசின் ஆதரவுடன் நடக்கின்றன. தமிழ் பேசும் தொண்டர் உள்ள முகாமைக் கேட்டு அறியலாம்.

பிள்ளைகளால் ஸ்பொன்சர் செய்து அழைக்கப்பட்ட பெற்றோரின் நிலை சற்றுச் சிக்கலானது. 2014 ஜனவரி 2 முதல், பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் அழைப்பவர் 20 ஆண்டுகளுக்கு அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திடுகிறார். கியூபெக்கில் அது 10 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் பெற்றோர் ஒன்ராறியோ வேர்க்ஸ் போன்ற மாகாண நலன்புரி உதவியைப் பெற்றால், அந்தப் பணத்தைத் திருப்பிச் செலுத்தும் கடன் பிள்ளைமேல் விழும். பெற்றோர் குடியுரிமை பெற்றுவிட்டாலும் இந்தப் பொறுப்பு முடிவதில்லை. ஓ.ஏ.எஸ். ஓய்வூதியம் இத்தகைய நலன்புரி உதவி அல்ல. அதைப் பெறுவதால் பிள்ளைக்குக் கடன் வராது. ஜி.ஐ.எஸ். விடயத்தில், மேலே சொன்ன ஒப்பந்தத்தின் வழி தகுதி பெற்றாலும் கனடாவில் பத்து ஆண்டு நிறையாத, ஸ்பொன்சர் செய்யப்பட்ட பெற்றோருக்குப் பொறுப்புக் காலம் முடியும்வரை அது மறுக்கப்படும். ஸ்பொன்சர் செய்தவர் இறந்துவிட்டாலோ, வங்குரோத்து அடைந்தாலோ, ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றாலோ, பெற்றோரைத் துன்புறுத்தியதாகத் தண்டிக்கப்பட்டாலோ இந்தத் தடை நீங்கும். பத்து ஆண்டு வசித்துவிட்டவர் 20 ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சூப்பர் விசாவில் வந்த பெற்றோர் இவற்றுள் எதற்கும் உரியவர் அல்லர். அவர்கள் ஒவ்வொரு தடவையும் ஐந்து ஆண்டு வரை தங்கலாம் என்றாலும் பார்வையாளர்களே. குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதியைக் குடும்பம் வாங்க வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு லிங்க் எனப்படும் இலவச ஆங்கில வகுப்புகளைக் கூட்டாட்சி அரசு நடத்துகிறது. வயது உச்சவரம்பு கிடையாது, முதலில் மொழித்திறன் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். குடியுரிமை பெற்றவர் லிங்க் வகுப்பில் சேர முடியாது. ஒன்ராறியோவில் அவர் மாகாண நிதியில் பாடசாலைச் சபைகள் நடத்தும் இ.எஸ்.எல். எனும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புக்குச் செல்லலாம். எழுபது வயதில் வகுப்பா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பஸ் சாரதியிடம் நிறுத்தம் கேட்கவும், மருந்துக்கடையில் தன் பிறந்த திகதியைச் சொல்லவும் கற்றுக்கொண்ட மூதாட்டிகள் தனியே வெளியே போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால் பகலில் வரமுடியாத பாட்டிமார் பலர். மாலை வகுப்பும் இணையவழி வகுப்பும் இருப்பதைப் பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் 55 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மொழித் தகுதிச் சான்றும் அறிவுத் தேர்வும் 2017 ஒக்ரோபர் முதல் தேவையில்லை.

உரைபெயர்ப்பாளர் கிடைப்பது இடத்துக்கு இடம் மாறுபடும். நீதிமன்றம் போன்ற விசாரணைகளில் அது அரசியலமைப்பு உரிமை: 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனம், அதன் 14ஆம் பிரிவில், விசாரணை நடக்கும் மொழி புரியாத தரப்பினருக்கும் சாட்சிக்கும் அதை உறுதி செய்கிறது. வைத்தியசாலைகளில் அப்படி ஒரே சீரான உத்தரவாதம் இல்லை, ஆனால் பல வைத்தியசாலைகள் தொலைபேசி வழியாக உரைபெயர்ப்பு ஏற்பாடு செய்கின்றன. நேரம் குறிக்கும்போதே ‘தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேட்டு வைக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பேத்தியைப் பாட்டியின் பக்கத்தில் இருத்தி, புற்றுநோய் முடிவை அவள் வாயால் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்கும் கொடுமை, பாட்டிக்கும் கொடுமை. மலச்சிக்கலையும் கர்ப்பப்பை நோயையும் மகன் முன்னால் சொல்லக் கூசி, ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வரும் தாய்மாரும் இருக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர் ஒன்ராறியோவில் 211 என்ற எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும், 150க்கும் மேற்பட்ட மொழிகளில், அருகிலுள்ள சேவைகளை அவர்கள் சொல்வார்கள். அழைத்தவுடன் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்துவிடாமல் காத்திருந்தால் போதும். குடிவரவாளர் சேவை நிலையங்களில் படிவம் நிரப்புதல், கடிதம் வாசித்து விளக்குதல் போன்ற உதவிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிள்ளை ஒருவர் பெற்றோரின் ஓய்வூதியம் பற்றி, அதைக் கவனிக்கும் கூட்டாட்சி அரசின் சேவைப் பிரிவான சேர்விஸ் கனடாவிடம் பேச வேண்டுமானால், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் ஒன்றை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். அது தகவல் கேட்கும் அனுமதியே தவிர, பணத்தைக் கையாளும் அதிகாரம் அல்ல.

ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறாதவர்களுக்கும் சில சேவைகள் திறந்தே இருக்கின்றன. ஒன்ராறியோவில் மாகாண மருத்துவக் காப்புறுதியான ஒஹிப் அட்டை வைத்திருக்கும் 65 வயதானவருக்கு மருந்து நலத்திட்டம் தானாகவே தொடங்குகிறது. வருமானம் குறைந்தவர் தனியே விண்ணப்பித்தால் ஆண்டுதோறும் மருந்துக்கு முதலில் தானே செலுத்த வேண்டிய 100 டொலர் நீங்கும். கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்துக்குப் பத்தாண்டு வதிவு வேண்டியதில்லை. தனியார் பல் காப்புறுதி இல்லாமல், வரிக் கணக்குத் தாக்கல் செய்து, வரிக் கணக்கின்படி சரிக்கட்டப்பட்ட குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஓய்வூதியம் முதியவரின் பெயரில் உள்ள பணம். கூட்டுக் கணக்கில் விழுந்தவுடன் அது யார் கைக்குப் போகிறது என்பதை வெளியே சொல்லத் துணியாத பெற்றோர் நம்மிடையே உண்டு. ‘பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதா’ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. தன் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறப்பது காட்டிக்கொடுப்பது ஆகாது. துன்புறுத்தல் எல்லை மீறினால் ஒன்ராறியோவின் முதியோர் பாதுகாப்பு அழைப்பு எண் 1-866-299-1011, 24 மணி நேரமும் உரைபெயர்ப்பு உதவியுடன் இயங்குகிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் மறுத்தால், மேலும் 90 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். விசாரணைக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்து தரும். 90 நாள் கணக்கு ஓடத் தொடங்குவது அந்த மண்ணிற உறையோடுதான். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், இன்று மாலை அவருக்கு வந்த கடிதங்களை அவரருகில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்.