அரை மீட்டர் தொட்டியில் 500 லிட்டர் பிடிக்காது

ஒன்பதாம் வகுப்பு அளவியல் விடைத்தாளைத் திருத்தும்போதெல்லாம் இந்த விடை வந்து நிற்கிறது. பக்கம் ½ மீட்டர் உள்ள கனச்சதுரத் தொட்டி, எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? '500 லிட்டர்.' சூத்திரம் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு கன மீட்டருக்கு 1000 லிட்டர் என்பதும் சரி. விடை மட்டும் நான்கு மடங்கு கூடுதல். இந்தத் தடவை பாதி வகுப்புக்கு மேல் இதையே எழுதியிருந்ததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் தாளைக் காட்டினால் ஒரே பதில்தான். "கணக்கு நல்லா வருமுங்க டீச்சர், கவனந்தான் பத்தறதில்லீங்." ஆசிரியர்களும் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். கவனமில்லாமல் செய்கிற தப்பு பிள்ளைக்குப் பிள்ளை வேறு மாதிரி இருக்கும். ஒருவன் 7ஐ 1 என்று படிப்பான், இன்னொருத்தி அலகை விட்டுவிடுவாள். பாதி வகுப்பே ஒரே தப்பைச் செய்கிறதென்றால் அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்றுதான் பொருள். அந்த யோசனை என்னவென்று கேட்கத்தான் ஆளில்லை.

கேட்டேன். ஒரு பையன் தயங்காமல் சொன்னான்: "எல்லாப் பக்கமும் அரைதானுங்களே டீச்சர், அப்ப விடையும் அரைதானுங்?"

அவனுக்குப் பதில் இதுதான். பக்கம் 1 மீட்டர் உள்ள தொட்டியில் 1000 லிட்டர் பிடிக்கும். நீளத்தை மட்டும் பாதியாக்கு, 500 லிட்டர். இப்போதும் அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர். அகலத்தையும் பாதியாக்கு, 250. உயரத்தையும் பாதியாக்கு, 125. பாதியாக்குவது மூன்று தடவை நடக்கிறது. 500 என்று எழுதிய பிள்ளை முதல் தடவையோடு நின்றுவிட்டது. வீட்டில் அப்பாரோ அப்புச்சியோ, தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால் என்று காகிதம் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். அந்த அரைக்கால்தான் ⅛. ஆயிரத்தில் அரைக்கால் 125.

பெருக்கினால் எண் பெரிதாகும் என்று இரண்டாம் வகுப்பிலிருந்து பழகிய பிள்ளைக்கு, மூன்று அரைகளைப் பெருக்கி அரையைவிடச் சின்னதாக ஒன்று வருவதை நம்ப முடிவதில்லை. சொல்லி நம்ப வைக்கவும் முடியாது. கையில் கொடுக்க வேண்டும்.

நான் கொடுப்பது மரக்கட்டை. ஆசாரியிடம் சொன்னால் மிச்சமான ரீப்பரை ஒரு அங்குலக் கட்டைகளாக அறுத்துத் தருவார். இரண்டு அங்குலத்தை 'ஒன்று' என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டையின் பக்கமும் அரை. எட்டுக் கட்டை சேர்ந்தால்தான் ஒரு முழுக் கனம். இதைப் பிள்ளைகளே அடுக்கிப் பார்க்கட்டும், நீங்கள் அடுக்கிக் காட்டாதீர்கள். அப்புறம் அட்டையில் 2½, 1½, 1½ அளவில் ஒரு பெட்டி. நீளவாக்கில் ஐந்து கட்டை, அகலத்தில் மூன்று, உயரத்தில் மூன்று. மொத்தம் 45 கட்டை. எட்டெட்டாகப் பிரித்தால் ஐந்து முழுக் கனமும் மீதி ஐந்து கட்டையும், அதாவது 5⅝.

இதே கணக்குக்கு விடைத்தாளில் அதிகம் வருவது 2⅛. முழு எண்களைத் தனியே பெருக்கி 2, பின்னங்களைத் தனியே பெருக்கி ⅛, இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். இதற்கும் பெட்டிதான் மருந்து. பெட்டியை ஒவ்வொரு பக்கத்திலும் முழு அளவு முடிகிற இடத்தில் கோடு போட்டுப் பிரித்தால் எட்டுத் துண்டு வரும். ஒரு மூலையில் பெரிய துண்டு 2, அதற்கு எதிர் மூலையில் குட்டித் துண்டு ⅛. இடையில் இருக்கிற மற்ற ஆறு துண்டும், ½, 1, 1, ¼, ¼, ½ என்று மொத்தம் 3½, எண்ணப்படவே இல்லை. பெட்டியில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது! கலப்புப் பின்னத்தைத் தகாபின்னமாக மாற்று, 5/2 × 3/2 × 3/2 என்று நாம் ஓயாமல் சொல்வது எதற்கென்று அப்போதுதான் பிள்ளைக்குப் புரிகிறது.

பின்னங்களின் பகுதிகள், அதாவது கீழே இருக்கிற எண்கள், வேறுவேறாக இருந்தாலும் இதே வழிதான். ½ × ⅓ × ¾ என்றால் ஒரு முழுக் கனத்தை 2, 3, 4 ஆக அறுத்து 24 துண்டு. அதில் நமக்கு 1 × 1 × 3, மூன்று துண்டு. 3/24, ⅛.

'பின்னம் வராட்டி தசமத்துல போட்டுக்கோ' என்று சொல்லிக்கொடுக்கும் டியூஷன்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 3⅓ × 3 × 1 என்பது சரியாக 10. அதையே 3.33 என்று போட்டால் 9.99. தசமம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னம் புரிந்த பிறகு வரட்டும், அதற்குப் பதிலாக வர வேண்டாம்.

அலகு இன்னொரு தலைவலி. 30 அடிக்கு 20 அடி கூரை, கான்கிரீட் தடிமன் 5 அங்குலம். சிலர் 30 × 20 × 5 என்று பெருக்கி 3000 என்கிறார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் 5 அங்குலத்தை 0.5 அடி ஆக்கி 300 என்கிறார்கள். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்தல்ல. 5/12 அடி, விடை 250 கன அடி. ஜல்லி வாங்கும் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 300 என்று போட்டால் அரை யூனிட் தப்பு. (கான்கிரீட்டுக்கு எத்தனை ஜல்லி, எத்தனை மணல் என்பது வேறு கணக்கு, அதைக் கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள்.)

திருப்பூரில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற பெற்றோருக்கு சிபிஎம் தெரியும், அதாவது கன மீட்டர். 60, 40, 40 செ.மீ. அட்டைப்பெட்டி என்றால் ⅗ × ⅖ × ⅖, 12/125, அதாவது 0.096 சிபிஎம். நூறு பெட்டிக்கு 9.6. இதையே 96,000 கன செ.மீ. என்று போட்டுவிட்டு நூறால் வகுக்கிற பிள்ளைக்கு ஒரே பெட்டி 960 சிபிஎம் ஆகிவிடும். 20 அடி கண்டெய்னரே சுமார் 33 சிபிஎம்தான் கொள்ளும் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். மூன்று பக்கத்துக்கும் நூறு நூறாக, பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும் என்பது மறக்காது.

இந்தக் கணக்குகளை வீட்டிலேயே கேளுங்கள். செங்கல் 9, 4½, 3 அங்குலம் என்றால் அடியில் ¾, ⅜, ¼. கன அளவு 9/128 கன அடி. சாந்து இல்லாமல் அடுக்கினால் ஒரு கன அடிக்குப் பதினான்கு செங்கலும் கொஞ்சமும். அப்பா கொத்து வேலைக்குப் போகிற பிள்ளை இந்தக் கணக்கைச் செய்யும்போது பாருங்கள், விடை வந்ததும் அப்பாவிடம் சரிபார்க்க ஓடும்.

சக ஆசிரியர்களுக்கு: அளவியல் பாடத்தில் சூத்திரத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன் ஒரு பாடவேளையைக் கட்டைக்கு ஒதுக்குங்கள். பாடம் முடியாது என்று பயப்பட வேண்டாம், பிறகு திரும்பத் திரும்பத் திருத்துகிற நேரம் மிச்சமாகும். விடை எழுதும் முன் 'ஒன்றைவிடப் பெரிதா, சின்னதா?' என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பெற்றோருக்கு: பிள்ளை தப்பு விடையோடு வந்தால் திட்டுவதற்கு முன்னால் "எப்படி வந்துச்சு கண்ணு?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.