ரெசிலியன்ஸ்: மீள்திறனா, தாங்குதிறனா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ புயல், வெள்ளம், கடலரிப்பு பற்றி எந்தக் கருத்தரங்கு நடந்தாலும், அடி வாங்கியும் மீண்டு எழுவதைக் குறிக்கும் ‘ரெசிலியன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தமிழில் அதற்கு இன்னும் ஒரே இருக்கை கிடைத்தபாடில்லை. ஒருவர் மீள்திறன் என்கிறார், மற்றொருவர் தாங்குதிறன் என்கிறார், மூன்றாமவர் நெகிழ்திறன் என்கிறார். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்துப் போட்ட பக்கங்களில் ‘காலநிலைப் பின்னடைவு’ என்றே இருக்கிறது. பின்னடைவு என்றால் நமக்கு வாக்கு எண்ணிக்கை நாள்தான் நினைவுக்கு வரும். ‘கடலோர நகரங்களின் பின்னடைவை அதிகரிப்போம்’ என்று படிக்கும்போது, அதற்குத் தனியாகத் திட்டம் வேறு வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பின்னடைவு முற்றிலும் ஆதாரமில்லாமல் முளைத்ததும் அல்ல. மூலம் இலத்தீன் வினையான ‘ரெசிலீரே’. ‘ரெ’ என்றால் பின்னோக்கி, ‘சலீரே’ என்றால் குதித்தல். பின்னால் துள்ளுதல், சட்டென்று விலகுதல் என்பதே பழைய பொருள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் இந்தச் சொல்லை எதிரொலியைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். ஒலி சுவரில் பட்டுத் திரும்புவது அவருக்கு ரெசிலியன்ஸ். சட்டத்தில் பின்வாங்கும் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சு ஆவணங்களோடு பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு ‘ரெசிலியே’ தெரிந்திருக்கும்: ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளுதல். அதே வேரிலிருந்து வந்த ‘ரிசைல்’ நம் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தென்படும். ஒத்துக்கொண்டதிலிருந்து நழுவுவது என்று பொருள்.

புகழ்ச்சிப் பொருள் இந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில்தான் ஏறியது. 1818இல் இங்கிலாந்துப் பொறியாளர் தாமஸ் டிரெட்கோல்ட் கட்டட மரங்களின் வலிமையை ஆராய்ந்த கட்டுரையில் இதைக் கையாண்டார். அடியை வாங்கி, வளைந்து, முறியாமல் பழைய வடிவத்துக்கு வருவதே அங்கே பேச்சு. 1973இல் கனடாவின் சூழலியலாளர் சி.எஸ். ஹோலிங் அதைக் காட்டுக்கும் ஏரிக்கும் கொண்டுபோனபோது கேள்வியே மாறியது. எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு அடி வாங்கினால் அது வேறொன்றாக மாறிவிடும் என்று கேட்டார். தமிழில் நாம் போட்டுக்கொள்ளும் சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது: பொறியாளரின் பொருள் ஒன்று, சூழலியலாளரின் பொருள் இன்னொன்று.

ஹோலிங் கேட்டதற்கு விடை காணச் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் வரை போனால் போதும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே அலையாத்திக் காட்டைக் கூப்பு எனப்படும் வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்துவிடும் என்பது கணக்கு. பல இடங்களில் முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. நிலம் காய்ந்து, சற்றே அமிழ்ந்து, தொட்டி போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது; மண்ணில் உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அலையாத்தி உப்பில் வாழப் பழகிய மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எத்தனையோ புயலுக்குப் பிறகு மீண்ட காடு, இந்த எல்லையைத் தாண்டியதும் வெறும் உப்புத் தரையாகவே நின்றுவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஏற்றவற்றத்தை மறுபடி உள்ளே விட்டன. உப்பு கழுவப்பட்டது, கன்றுகள் பிடித்தன. 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காட்டின் மீள்திறன் மரத்தில் மட்டும் இருக்கவில்லை. நீர் வந்து போகும் வழியிலும் இருந்தது.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை, ஆய்வாளர்களுக்குள் ஒரு வாதத்தையே கிளப்பியது. கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பரங்கிப்பேட்டைப் பகுதியைப் பற்றிய இன்னோர் ஆய்வும் அதையே சொன்னது. அந்தத் தரவுகளை மறுபடி அலசிய வேறு சிலர், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, எவ்வளவு மேடு என்பதே பெரிய காரணம் என்று வாதிட்டார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்லும் சேதி எனக்குப் போதுமானது: மேடும் தொலைவும் மரமும் ஒன்றோடொன்று கூடி வேலை செய்கின்றன. மரத்தை நட்டுவிட்டு வீட்டை அலைவாய்க்கரையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. சுவர் அதை மறித்ததும் தென்பக்கம் மணல் சேர்ந்தது, வடபக்கம் கரை அரித்தது. நகரத்தின் கடற்கரை மறைந்து கருங்கல் குவியல் வந்தது. கல் கொட்டிய இடம் நின்றது. அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர், அதைத் தாண்டித் தமிழக எல்லைக்குள் இருக்கும் மீனவ ஊர்கள் என்று வடக்கே நகர்ந்தது. ஒவ்வோர் ஊரும் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கற்சுவர், கேட்கத் தொடங்கியது. கருங்கல்லுக்குத் தாங்குதிறன் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இழந்த மணலை மீட்டுத் தரும் வேலை மட்டும் அதனால் ஆகாது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்து, அலையின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் அந்த இடத்தில் மணல் தானே வந்து படிந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘மீள்’ பழைய வினை. திரும்புதல், விடுபடுதல் இரண்டும் அதன் பொருள். அடகை மீட்கிறோம், தேவாரத்தில் வரும் ‘மீளா அடிமை’ விடுதலையே கேட்காத அடிமை. மீள்திறன் என்பது வினைத்தொகை. முறையான ஆக்கம், வாய்க்கும் எளிது. மீளாற்றல் என்பதில் இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் ‘மீளாத் துயர்’ கேட்டுப் பழகிய காதுக்கு அது மீளாத ஆற்றல் என்று ஒலிக்கிறது. அதை நான் எடுக்க மாட்டேன். மீட்சித்திறன் என்றால் இயற்பியல் பாடத்தில் படித்த மீட்சிப்பண்போடு குழம்பும். நெகிழ்திறன் வளைவதைச் சொல்கிறது, நிமிர்வதைச் சொல்லவில்லை.

மீதி இருப்பது தாங்குதிறன். இதை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் ‘தாங்கு’ இந்த மண்ணில் நீரோடு ஒட்டிய சொல். வடதமிழ்நாட்டில் சிற்றேரிக்குத் தாங்கல் என்றும் ஏந்தல் என்றும் பெயர். பெய்த மழையைத் தாங்கி ஏந்துவதால் வந்த பெயர்கள், ஊர்ப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் வழியாக வாங்கும் பாகூர் ஏரியும் அந்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றபோது, ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. அத்தனை நீருக்கும் தேவைப்பட்டது தாங்க ஓர் இடம். ஆனால் சூழலியலில் தாங்குதிறன் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது: ஓர் ஏரி எத்தனை பறவையை, ஒரு மேய்ச்சல் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்ற கணக்கு அது. ஒரே துறையில் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் படிப்பவர்தான் திண்டாடுவார்.

ஆகவே என் தேர்வு: சுவர், தூண், கூரை, பாலம் ஆகியவற்றுக்குத் தாங்குதிறன். சதுப்பு, மணல்மேடு, கழிமுகம், நகரம், மக்கள் ஆகியவற்றுக்கு மீள்திறன். ‘மீள்திறன் நகரம்’ என்று ஒட்டவைப்பதைவிட ‘மீள்திறன் உள்ள நகரம்’ என்பது தெளிவு. எது மீள்கிறது, எவ்வளவு காலத்தில் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுவது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அறுந்த மின்கம்பியைத் திரும்ப இழுக்க ஆன காலம் வேறு. பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த பலாவுக்கும் முந்திரிக்கும் பதிலாக நட்ட கன்று காய்க்க ஆன காலம் வேறு. ‘மாவட்டம் மீண்டது’ என்று எழுதுகிறவர் இதில் எந்தக் காலத்தைக் குறிக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும்.