பென்னெட் முறிவு: சொல் விளக்கம்

கட்டைவிரலைத் தாங்கும் உள்ளங்கை எலும்பின் அடிப்பகுதி, மணிக்கட்டின் சரிவக எலும்போடு சேரும் மூட்டுக்குள்ளாகவே முறிவதைப் பென்னெட் முறிவு என்பர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் அறுவை மருத்துவப் பேராசிரியர் எட்வர்டு ஹாலரன் பென்னெட் 1882இல் இதை விவரித்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இல்தான். ஆகவே அவர் படத்தின் துணையின்றி எலும்புகளைக் கண்ணால் பார்த்தே இதைத் தனி வகையாகப் பிரித்தார்.

ஃபிராக்சர் என்பது உடைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. முறிவு அதற்குச் சரியான தமிழ். ஆனால் இங்கே முறிவு பாதிக் கதைதான். மூட்டின் உட்புறமுள்ள சிறு முக்கோணத் துண்டை வலுவான நார் ஒன்று சரிவக எலும்போடு பிணைத்திருப்பதால் அது இருந்த இடத்திலேயே நிற்க, விரலை விரிக்கும் தசையின் நாண் எஞ்சிய எலும்பு முழுவதையும் மணிக்கட்டை நோக்கி இழுத்துவிடுகிறது. எனவே 'கட்டைவிரல் அடிமூட்டு முறிவு நழுவல்' என்பதே பொருந்தும். நீளம் சற்று உறுத்தினாலும் சிகிச்சைக்கான காரணம் அதில் அடங்கியிருக்கிறது. அடிப்பகுதி டி அல்லது ஒய் வடிவில் சிதறினால், 1910இல் அதை விவரித்த இத்தாலியரின் பெயரால் ரொலாண்டோ முறிவு எனப்படும்.

மடங்கிய கட்டைவிரல் தரையில் மோதும்படி வண்டியிலிருந்து விழுவோருக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் இது நேர்கிறது. விரலடி வீங்கும், சாவியைப் பிடித்துத் திருப்ப முடியாது. சுளுக்கு என்று நீவிவிடுவது பெருந்தவறு. கையை வழக்கம்போல் வைத்து எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தில் கட்டைவிரல் சாய்வாக விழுவதால், முன்கையை நன்றாக உள்நோக்கித் திருப்பி, விரலின் முதுகுப்புறம் தகட்டில் படியும்படி வைத்து ஒரு படமும், சரியான பக்கவாட்டுப் படமும் எடுக்க வேண்டும்.

விரலை இழுத்து, விரித்து, அடியை அழுத்தினால் துண்டுகள் எளிதில் சேர்ந்துவிடும். சேர்த்ததைக் காப்பதுதான் கடினம், ஏனெனில் மாவுக்கட்டுக்குள்ளும் அந்த நாண் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பெரும்பாலும் தோல் வழியாக எலும்புத் துண்டுகளை அசையாமல் பிடித்துவைக்கும் கிர்ஷ்னர் கம்பிகள் எனும் மெல்லிய உலோகக் கம்பிகளைச் செலுத்தி, 4 முதல் 6 வாரங்கள் கட்டுப் போடுவர். துண்டு பெரிதாக இருந்தாலோ மூட்டுப்பரப்பு சமமாகப் பொருந்தாவிட்டாலோ திறந்து திருகாணி பொருத்துவர். நழுவலைச் சரிசெய்யாமல் விட்டால் அம்மூட்டு தேய்ந்து, விரல்களின் பிடிப்பு வலுவிழக்கும்.