சீனியைக் காட்டும் ஸ்கானும் சோற்றை நிறுத்திய வீடும்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து கணவரை அழைத்து வந்த அம்மா ஒருவர், உடலில் சீனி கூடுதலாகச் சேரும் இடங்களைப் பளிச்சென்று காட்டும், கொழும்பில் எடுத்த பெட் ஸ்கானின் அறிக்கையை என் மேசையில் வைத்து, "டொக்டர், கட்டி சீனிய இழுக்குதாம், அதால ரெண்டு மாசமா இவருக்குச் சோறும் குடுக்கிறல்ல" என்றார். கணவரோ சாரத்தை இரண்டு மடிப்புக் கூடுதலாகச் சுற்றிக் கட்டியிருந்தார்.

அறிக்கை சொன்னது பொய்யல்ல. பல புற்றுக் கலங்கள் குளுக்கோசை மிகையாக உறிஞ்சி, ஒட்சிசன் இருந்தாலும் அதில் பெரும்பகுதியை லக்டேற்று என்ற கழிவுப் பொருளாக மாற்றுகின்றன என்பதை ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார். பெட் ஸ்கானில் ஏற்றப்படுவது, ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகத் தேயும் கதிரியக்க புளோரின் சேர்த்த குளுக்கோஸ் போன்ற ஒரு பொருள். அது கலத்துக்குள் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்வதால், கல்லடிப் பாலத்தில் நின்று பட்டணத்துக்குள் போகும் வண்டிகளை எண்ணுவது போல, நுழைந்த அளவு மட்டுமே நமக்குத் தெரியும். மூளையும் எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும். அதற்காக மூளையைப் பட்டினி போடுவார் எவருமில்லை.

உள்ளே போன சீனி என்னவாகிறது என்பதைக் காட்டவே காந்த அதிர்வு (எம்.ஆர்.ஐ.) முறைகள் வளர்கின்றன. வழமையான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஐதரசனையே படம்பிடிப்பதால், சீனியின் மெல்லிய குரல் அதில் அமிழ்ந்துவிடும். 2018இல் யேல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முறையில், ஐதரசனின் கதிரியக்கமற்ற கனமான வகையான டியூற்றீரியம் சேர்த்த குளுக்கோசை நோயாளி குடிக்கிறார். அந்த டியூற்றீரியம் நலமான மூளையில் பெரிதும் நரம்புக் கலங்கள் பயன்படுத்தும் குளூட்டமேற்றிலும், மூளைக் கட்டியில் கூடுதலாக லக்டேற்றிலும் போய்ச் சேர்வதை ஸ்கான் பிரித்துக் காட்டுகிறது. மற்றொரு முறையில், குளுக்கோஸ் உடையும்போது உண்டாகும் பைருவேற்றில் கதிரியக்கமற்ற கார்பன்-13 சேர்த்து, அதைக் கடுங்குளிரில் வைத்து, அதன் சமிக்ஞையைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயர்த்தி ஊசியாக ஏற்றுவார்கள். சமிக்ஞை ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடுமென்பதால் எல்லாம் ஓட்டமும் நடையுமாகத்தான் நடக்கும். சன் பிரான்சிஸ்கோவில் புரஸ்ரேற் புற்றுநோயாளர் 31 பேரிடம் முதன்முதலாகச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. இந்த இரண்டு முறைகளுக்கும் சமிக்ஞையை வாங்கும் தனிச் சுருள்களும் கருவிகளும் வேண்டும். இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து வேலைதான். ஆகவே "சீனி பார்க்கும் எம்.ஆர்.ஐ." தேடி யாரும் கடன்பட்டு அலைய வேண்டாம்.

பெட் ஸ்கானுக்கு முன் சில மணிநேரம் உண்ணாதிருக்கச் சொல்வது, படம் தெளிவாக விழுவதற்காக மட்டுமே. நீரிழிவுள்ளவர்கள் இன்சுலின், மெற்போமின் எடுப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது: இரத்தச் சீனியின் அளவை விழவிடாமல் காக்கும் ஈரல், தசையைக் கரைத்தாவது குளுக்கோசை ஆக்கிவிடும்.

அன்று கொடுத்த துண்டில் சோறு, மீன், முட்டை, தயிர் என்று எழுதினேன். தயிருக்குச் சீனி போடலாமா என்று அந்த அம்மா தயங்கிக் கேட்டார். கணவருக்கு நீரிழிவு இல்லை என்பதைக் கொப்பியில் பார்த்துவிட்டு, அளவாகப் போடுங்கள் என்றேன்.