அரை மில்லிமீட்டர் தள்ளினால் என்ன ஆகும்?

பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கைத்துப்பாக்கியின் மேல் குறி பார்ப்பதற்காக முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு சிறு துண்டுகள்தான் சைட்டுகள். பின் சைட்டை அந்த அளவுக்கு மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினால், 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையில் குண்டு பதினொன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். சைட் மாற்றும் வேலையில் இருக்கும் சிக்கல் எல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் இது வீட்டு மேசையில் வைத்துச் செய்கிற வேலை. க்ளாக் 17-ஐ எடுத்துக்கொள்வோம். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. வழக்கமாக இதில் வருபவை பிளாஸ்டிக் சைட்டுகள்: முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் அதை ஏந்தியிருக்கும் வெள்ளைக் கிண்ணம். உறையில் உரசி உரசித் தேயும், இருட்டில் தெரியாது. அதனால் வாங்கியவர்களில் பலர் முதலில் கை வைப்பது இதில்தான்.

பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே முன் சைட் நிற்க வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பார்க்க எளிதுதான். ஆனால் இந்தத் துப்பாக்கியில் இரண்டுக்கும் இடையே 165 மில்லிமீட்டர்தான் இடைவெளி. பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன முக்கோணத்தின் நீளம் 165 மி.மீ., பெரியதன் நீளம் 25,000 மி.மீ. சின்னதில் செய்யும் பிழை பெரியதில் 150 மடங்குக்கு மேல் பெருகுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கை முழுவதும் அப்படியே 1 மி.மீ. பக்கமாக நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் நகரும். கோணம் திரும்பினால்தான் ஆபத்து. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதால் இலக்கை விட்டுவிட்டு முன் சைட்டைப் பார் என்று சொல்லிக்கொடுப்பதும் இதனால்தான். இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, கோணம் கலையக் கூடாது.

சரி, கழற்றுவதற்கு வருவோம். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை எடுத்து, சுடுவதற்குத் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். இது சடங்குக்குச் சொல்வதல்ல. க்ளாக்கில் ஸ்லைடை, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியைப் பிரிப்பதற்கே ட்ரிக்கரை ஒரு முறை அழுத்தியாக வேண்டும். உள்ளே ஒரு தோட்டா மறந்து கிடந்தால் வெடித்துவிடும்.

முன் சைட்டைப் பிடித்திருப்பது ஸ்லைடின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி அறுகோண ஸ்க்ரூ. அதற்கு 3/16 அங்குல மெல்லிய சாக்கெட் போதும். புதியதை மாட்டும்போது மரையில் திரெட்லாக்கர் என்ற ஸ்க்ரூ பிடிக்கும் பசையை ஒரு சொட்டு விடாவிட்டால் அதிர்வில் கழன்று ஓடிவிடும்.

பின் சைட்டுக்கு ஸ்க்ரூவே கிடையாது. மேலே குறுகி அடியில் அகன்ற புறாவால் பள்ளம் ஒன்றில் அது இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. உராய்வு மட்டும்தான் பிடிமானம். பித்தளைக் கம்பியும் சுத்தியலும் வைத்துத் தட்டியும் நகர்த்தலாம், ஆனால் ஒரு தட்டுக்கு எவ்வளவு நகரும் என்று யாருக்குத் தெரியும்? மரையைத் திருகத் திருகச் சீராகத் தள்ளும் புஷர் என்ற கருவியே மேல். புது சைட் இருட்டில் ஒளிர்கிற வகை என்றால் சுத்தியல் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அதற்குள் இருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். டிரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் குழாயின் உட்பூச்சில் மோதி ஒளி உண்டாகிறது. பேட்டரி வேண்டாம். ஆனால் அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அதாவது பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும், அப்புறம் மறுபடியும் மாற்ற வேண்டியதுதான்.

வெர்னியர் காலிப்பரால் இரு பக்கமும் அளந்து நடுவில் நிறுத்தியாயிற்று. அடுத்தது சுட்டுப் பார்ப்பது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு குண்டு இடப்பக்கம் போனதும் சைட்டைத் தள்ளக் கூடாது. மணல் மூட்டையில் கையைத் தாங்க வைத்து ஐந்து குண்டுகள் சுட வேண்டும், அவை சேர்ந்து விழும் கூட்டத்தின் நடுப்புள்ளியை அளக்க வேண்டும். வலது கைக்காரர் சுட்டதெல்லாம் இடப்பக்கம் கீழே இறங்கினால் என் சந்தேகம் முதலில் ட்ரிக்கர் விரல் மேல்தான் விழும். நன்றாகச் சுடத் தெரிந்த வேறொருவரிடம் அதே துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே சைட்தான் தப்பு என்றால் கணக்கு இது. 15 மீட்டரில் குண்டுகள் 5 செ.மீ. இடது பக்கம் விழுகின்றன. 50-ஐ 165-ஆல் பெருக்கி 15,000-ஆல் வகுத்தால் 0.55 மி.மீ. எந்தப் பக்கம் தள்ளுவது? பின் சைட் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை: குண்டு வலப்பக்கம் போக வேண்டுமானால் அதையும் வலப்பக்கம் தள்ளுங்கள். முன் சைட் அதற்கு நேர் எதிர். நகர்த்துவதற்கு முன் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும்.

உயரத்தை மட்டும் இப்படித் தள்ளிச் சரிசெய்ய முடியாது, சைட்டையே மாற்ற வேண்டும். க்ளாக்கில் பின் சைட் 6.1, 6.5, 6.9, 7.3 மி.மீ. என நாலு உயரங்களில் கிடைக்கிறது. ஒரு படி ஏறினால் 25 மீட்டரில் குண்டு சுமார் 6 செ.மீ. மேலே ஏறும்.

உயரத்தைத் தீர்மானிப்பதில் புவியீர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கும் என்று தோன்றும். 25 மீட்டரைக் கடப்பதற்குள் 9 மி.மீ. குண்டு இறங்குவது இரண்டரை செ.மீ. அளவுதான். பின்னுதைப்பு செய்யும் வேலை இதைவிடச் சுவையானது. கை பிடித்திருப்பது குழலுக்குக் கீழே. அதனால் குண்டு இன்னும் குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கியின் மூக்கு மேலே தூக்க ஆரம்பித்துவிடுகிறது. பழைய ரிவால்வர்களில் முன் சைட் அவ்வளவு உயரமாக நிற்பது இதற்காகத்தான்: ட்ரிக்கரை அழுத்தும் கணத்தில் குழல் உண்மையில் இலக்குக்குக் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கும். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், உதைப்பும் அதிகம். எனவே கைத்துப்பாக்கி தூரங்களில் அது பெரும்பாலும் வேகமான இலேசான குண்டைவிட மேலே போய் விழும். தோட்டா வகையை மாற்றினால் அரும்பாடுபட்டுச் சரிசெய்த உயரத்தை மறுபடியும் ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டிவரும்.