பழந்துருத்தி ஏன் கிழிகிறது?

சண்டே ஸ்கூல் பையன் ஒருவன் கேட்டான்: "துருத்தின்னா கொல்லன் பட்டறையில காத்து ஊதுறதுதானே, அதுல ஏன் திராட்சரசத்தை ஊத்தினாங்க?" நியாயமான சந்தேகம்தான். பைபிளில் வரும் துருத்தி ஒரு தோல் பை. ஆட்டின் வயிற்றைக் கீறாமல் தோலை முழுசாக உரித்து, பதப்படுத்தி, கால் பக்கத்து ஓட்டைகளை இறுகக் கட்டிவிட்டுக் கழுத்தை வாயாக வைத்துக்கொள்வார்கள்.

சரி, புது ரசத்தைப் பழந்துருத்தியில் ஊற்றினால் துருத்தி கிழிந்துபோகும் என்று இயேசு சொல்கிறாரே, ஏன் கிழிகிறது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும், இது பள்ளிப் பாடம். எவ்வளவு வாயு என்பதுதான் மலைப்பு. ஒரு லிட்டர் சாற்றில் 200 கிராம் சர்க்கரை இருந்து முழுக்க நொதித்தால், கிட்டத்தட்ட 50 லிட்டர் வாயு வரும். இறுக்கி மூடினால் எந்தத் தோலும் தாங்காது. பைபிளின் யோபு புத்தகத்தில் எலிகூ என்பவன், புதுத்துருத்தியே வெடிக்கும் என்கிற மாதிரிதான் பேசுகிறான். ஆக, பொங்கி அடங்கிய ரசத்தின் கடைசி நொதிப்பைத்தான் தோல் சமாளித்திருக்க முடியும்.

அந்தச் சமாளிப்புதான் எனக்குப் பிடித்த இடம். தோலின் பலம் கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள் (கங்காரு வால் தசைநாரை வைத்து! இன்று அப்படி ஒரு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்" என்றுதான் முதலில் கேட்பார்கள்). அந்த இழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து, நெளிநெளியாக, எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும். உள்ளிருந்து வாயு அழுத்தும்போது முதலில் நெளிவுகள் நிமிரும், அப்புறம் கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கும். வழுக்க வைப்பது இடையில் இருக்கும் எண்ணெய்ப்பசையும் ஈரமும்தான். வருஷக்கணக்கில் காய்ந்த தோலில் எண்ணெய்ப்பசை போய் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, நெளிவும் ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டது, அதனால் இழுப்பு முழுவதும் ஒரே இடத்தில் விழுந்து அங்கே பிளக்கிறது. 'புகையிலுள்ள துருத்தியைப்போலானேன்' என்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் பாடியவன் புலம்புவதும் தோல் இப்படிக் காய்ந்துபோவதைப் பார்த்துத்தான்.

இதை வைத்து "விஞ்ஞானத்தை அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று பிரசங்கிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். உபவாசத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இயேசு அதை எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். அதில் பழந்துருத்திக்கு இழிவு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் பங்குக்கு ஒருமுறை இழுபட்டு முடித்த தோல் அது.

பைபிளில், இஸ்ரவேலரின் தலைவன் யோசுவாவை ஏமாற்ற வந்த கிபியோன் ஊரார், தூர தேசத்திலிருந்து வருவதாகக் காட்ட, கிழிந்து ஒட்டுப்போட்ட துருத்திகளைச் சுமந்து வந்தார்கள். தோலைப் பார்த்தே பயணத்தை எடைபோடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் அதே ஊர் திராட்சரசத்துக்கே பேர்போனது: கிபியோன் இருந்த இடமான, எருசலேமுக்குப் பக்கத்திலுள்ள அல்-ஜிப்பில் தொல்லியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பிரிட்சார்ட் தோண்டியபோது, பாறையில் குடைந்த 63 ரசக் கிடங்குகள் கிடைத்தன.