கணையத் திட்டு: சொல் விளக்கம்

‘ஐலெட் மாற்று சிகிச்சை’ என்று செய்திகளில் வருகிறதே, அந்த ஐலெட்டுக்குப் பள்ளிப் பாடநூல்களில் ஏற்கெனவே பெயர் உண்டு: லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்துக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்கள் இவை. ஒருவருக்குச் சுமார் பத்து லட்சம் இருக்கும். அத்தனையும் சேர்ந்து கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் இவற்றுக்குள்தான் உள்ளன. டைப் 1 நீரிழிவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களை அழித்துவிடுகிறது.

1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை நுண்ணோக்கியில் கண்டு ஆய்வேட்டில் எழுதினார். என்ன வேலை செய்கின்றன என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ‘சிறு தீவுகள்’ என்று பெயரிட்டு, கண்டவரின் பெயரையும் அதோடு சேர்த்தவர் பிரெஞ்சுக்காரரான லாகெஸ், ஆண்டு 1893. லத்தீனில் தீவுக்கு ‘இன்சுலா’. இன்சுலின் என்ற பெயர் அதிலிருந்து 1909இல் பிறந்தது. மருந்து டொராண்டோவில் கைக்கு வந்ததோ 1921-22இல்தான்.

அப்படியானால் தமிழில் ‘தீவு’ என்றே சொல்லலாமே? எனக்கு அதில் உடன்பாடில்லை. தீவு என்றதும் முயல் தீவும் கடலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். தாமிரபரணியில் தண்ணீர் குறையும்போது நடுவே மேடாகத் தலைகாட்டும் மணலைத் திட்டு என்கிறோம். அளவிலும் கிடப்பிலும் அதுதான் பொருந்துகிறது. ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் என்று பழைய சொற்களும் இருக்கின்றன. ஆனால் துருத்தி என்றால் இன்று கொல்லன் பட்டறைதான் தெரியும். திட்டுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. தோலில் நிறம் மாறிய இடத்தையும் திட்டு என்கிறோம் அல்லவா? சாயமேற்றிய கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், சுற்றியுள்ள அடர்ந்த நிறத்துக்கு நடுவே இந்தக் கூட்டங்கள் வெளிறித் தெரியும். ‘கணையத் திட்டு’ என்றால் இடமும் விளங்கிவிடும்.

இந்த மாற்று சிகிச்சையில், இறந்த கொடையாளரின் கணையத்தை நொதியால் கரைத்து, திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை வழியாக உள்ளே செலுத்துவார்கள். கனடாவின் எட்மண்டனில் ஏழு பேருக்கு இப்படிச் செய்து, அவர்கள் இன்சுலின் ஊசியை நிறுத்த முடிந்தது என்று 2000இல் அறிக்கை வெளியானபோதுதான் இது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அவர்களில் யாருக்கும் ஒரு கொடையாளரின் திட்டுகள் போதவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் அழற்சி. இரத்தம் பட்ட கணத்திலேயே உறைதலும் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலும் தொடங்கி, செலுத்திய திட்டுகளில் பாதிக்கு மேல்கூட முதல் சில நாட்களில் மடிந்துவிடலாம்.

‘அழற்சி’யைப் பலர் ‘வீக்கம்’ என்று எழுதுகிறார்கள். அது பிழை என்றே சொல்வேன். அழல் என்றால் நெருப்பு. ‘புண் அழலுது’ என்ற பேச்சில் அந்த வேர் இருக்கிறது. லத்தீன் சொல்லுக்கும் தீப்பற்றுதல் என்பதே பொருள். சிவப்பு, சூடு, வலி, வீக்கம் என்ற நான்கு அடையாளங்களில் வீக்கம் ஒன்று மட்டுமே. கல்லீரலுக்குள் திட்டுகள் அழியும்போது வெளியே எந்த வீக்கமும் தெரியாது.

இந்தச் சொல்லில் கவனம் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகளின் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் பத்திரப்படுத்துகிறார். மின்சாரம் போனாலும் சூடாகாது. மாற்று சிகிச்சையோடு ‘வீக்கத்தைத் தடுக்கும்’ மருந்தைச் சேர்ப்பது பற்றிய செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டார்: “வீக்கத்துக்குக் குடுக்க மாத்திரையில சுகர் சரியாவுதாம்லா? கடையில வாங்கிக் குடுக்கட்டுமா?”

அது வேறு மருந்து. மாற்று சிகிச்சையில் சோதிக்கப்பட்டவை அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட சமிக்ஞைகளைத் தடுப்பவை. எட்டனர்செப்ட், அனகின்ரா இரண்டும் அப்படிச் சேர்க்கப்பட்டவை. அதே நோக்கத்தில் சோதித்த இன்னொரு மருந்தான ரெபாரிக்சின் முதலில் சிறு சோதனையில் நம்பிக்கை தந்தது. 2020இல் வெளியான பெரிய சோதனை முடிவில் தெளிவான பலன் தெரியவில்லை. இவை எல்லாமே புதிதாக வைத்த திட்டுகளைக் காப்பதற்குத்தான். நீரிழிவை நேரே குணப்படுத்த அல்ல. வீக்கத்துக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரையோ, நீரிழிவு உள்ளவருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

“அப்பம் ஊசி போடத்தான் செய்யணுமா?” என்றார். ஆமாம், ஒரு வேளையும் விடக்கூடாது. திட்டு மாற்றம் இப்போதைக்குச் சர்க்கரை திடீர் திடீரென்று ஆபத்தாக இறங்கும் பெரியவர்கள் சிலருக்குத்தான். அது பலித்தாலும், திட்டுகள் வேலை செய்யும் வரை எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தினமும் எடுக்க வேண்டும்.